எவ்வளவு கரையும், எவ்வளவு சீக்கிரம் கரையும்

கரையும் பொருள், கரையாத பொருள் என்று எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டால் பாதி விஷயம் அங்கேயே கெட்டுப்போகிறது. நான் வேலை பார்ப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் உரக்கடையில். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள், கீரை போடுபவர்கள், விலை ஏறினால் மட்டும் பால்மரம் வெட்டப் போகிறவர்கள், தோட்டத்து வெளிக்காட்டு வேலையில் இருந்து ஓய்வுபெற்று வீட்டுக்குப் பின்னால் நாலு வாழை வைத்திருப்பவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இது தண்ணியில கரையுமா அண்ணே?" என்பதுதான். ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் நான் பதில் சொல்வதே இல்லை. எவ்வளவு தண்ணீரில், எவ்வளவு நேரத்தில் என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அக்கா மகன் படிவம் 4-இல் வேதியியல் படிக்கிறான், பள்ளி முடிந்து சில நாள் கடைக்கு வந்து உட்காருவான். அவனுக்கும் எனக்கும் நடக்கிற வாக்குவாதத்தில் இருந்துதான் இந்தக் கட்டுரையில் பாதி வருகிறது, மீதி கடைக்கு வருகிறவர்களிடம் இருந்து.

முதலில் தே ஓ ஐஸ், அதாவது பால் விடாத ஐஸ் தேநீர். ஒட்டுக்கடையில் சீனியைப் பிறகு போட்டுக் கொடுத்தால் அடியில் தங்கிவிடும், கடைசி வாயில் நறநறவென்று கடிபடும். ஏன் என்று மருமகனிடம் கேட்டால், "குளிர்ந்த தண்ணியில சீனி கரையாது மாமா" என்பான். பாடத்தில் படித்தது அவன் மண்டையில் அப்படித்தான் இறங்கியிருக்கிறது. சரி, கணக்கைப் பார்ப்போம். 0 டிகிரியில் இருக்கும் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 180 கிராம் சீனியைக் கரைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 200 கிராம். கொதிக்கும் தண்ணீரில் 480 கிராமுக்கும் மேல். ஒரு கிளாஸில் ஐஸ் போக 200 மில்லி தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பனிக்கட்டிக் குளிரிலும் அதற்கு 350 கிராம் சீனி கொள்ளும். நாம் போடுவது இரண்டு மேசைக்கரண்டி, 30 கிராம் தாண்டாது. ஆக, அந்தத் தண்ணீரில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் நேரத்துக்குத்தான். ஐஸ் உருகி முடிவதற்குள் நாம் குடித்து முடித்துவிடுகிறோம்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே போதும், கரைவதைப் பற்றிய குழப்பத்தில் முக்கால்வாசி போய்விடும் என்பது என் எண்ணம். எவ்வளவு கரையும் என்பது கரைதிறன். எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது வேகம். கலக்குவதும் பொடிப்பதும் வேகத்தை மட்டும்தான் மாற்றும். சூடு பெரும்பாலும் இரண்டையுமே மாற்றும், அதனால்தான் எல்லாருக்கும் குழப்பம்.

சீனிப் படிகத்தை ஒட்டியிருக்கும் தண்ணீர் முதலில் சீனியை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதும் அது கெட்டிப் பாகாகி, கனமாகி, அங்கேயே படிகத்தை மூடிக்கொண்டு நின்றுவிடுகிறது. மேலே வெறும் தண்ணீர் நிறைய இருந்தும் படிகத்துக்கு அது எட்டுவதில்லை. குளிரில் மூலக்கூறுகளின் ஓட்டமும் மந்தம், பாகும் கெட்டி, அதனால் அந்தப் படலம் தானாகக் கலைய நேரம் பிடிக்கும். கரண்டியை விட்டு ஒரு ஆட்டு ஆட்டினால் படலம் விலகிப் புதுத் தண்ணீர் வந்து சேரும். பொடித்துப் போட்டால் தண்ணீர் தொடுகிற பரப்பு கூடும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 1,000 துண்டு, மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். அதே சீனி, பத்து மடங்கு பரப்பு. ஒட்டுக்கடைக்காரர்கள் இந்தக் கணக்கெல்லாம் போடுவதில்லை. காலையிலேயே சுடுதண்ணீரில் சீனியைக் கரைத்துப் பாகாக ஜாடியில் வைத்துக்கொள்கிறார்கள், கேட்டவுடன் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். வேகப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

உப்பை எடுத்துக்கொண்டால் அடுத்த பாதி விளங்கும். அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பை ஏற்கும். 40 கிராம் போட்டால் 4 கிராம் அடியில் கிடக்கும். விடிய விடியக் கலக்கினாலும் கிடக்கும், அம்மியில் அரைத்துப் போட்டாலும் கிடக்கும். அதுதான் தெவிட்டிய கரைசல். அங்கே எல்லாம் நின்றுவிட்டது என்று நினைக்கக் கூடாது. வியாழக்கிழமை பசார் மாலாம் இரவுச் சந்தையில் எட்டு மணிக்குப் பார்த்தால் கூட்டம் அப்படியே இருப்பதாகத் தெரியும், ஆனால் ஒரு பக்கம் ஆள் நுழைந்துகொண்டும் மறுபக்கம் வெளியேறிக்கொண்டும்தான் இருக்கிறார்கள். தெவிட்டிய கரைசலிலும் அப்படித்தான், படிகத்தில் இருந்து உப்பு தண்ணீருக்குப் போகிற வேகமும் தண்ணீரில் இருந்து திரும்பிப் படிகத்தில் ஒட்டுகிற வேகமும் சமமாகிவிடுகின்றன. அடியில் கிடக்கிற கரடுமுரடான உப்புக்கல் நாளாக நாளாக வடிவம் மாறுவது இதனால்தான்.

அப்புறம், எவ்வளவு என்பதை எது முடிவு செய்கிறது? யார் யாரைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதுதான். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின் தன்மை. உப்பில் சோடியம் நேர் அயனி, குளோரைடு எதிர் அயனி, அதாவது மின் தன்மை ஏறிய அணுக்கள். தண்ணீர் தன் ஆக்சிஜன் பக்கத்தைக் காட்டிச் சோடியத்தையும், ஹைட்ரஜன் பக்கத்தைக் காட்டிக் குளோரைடையும் சுற்றி வளைத்து, ஒன்றை ஒன்று பார்க்க விடாமல் பிரித்துக் கொண்டுபோய்விடும். சீனியில் அயனி கிடையாது, ஆனால் ஒவ்வொரு மூலக்கூறிலும் தண்ணீர் பிடித்துக்கொள்ள வசதியாக ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த குழுக்கள் எட்டு இருக்கின்றன. செம்பனை எண்ணெயில் அப்படிப் பிடிமானம் ஏறக்குறைய இல்லை. நீளநீளமான கார்பன் சங்கிலி, அதைச் சுற்றி ஹைட்ரஜன். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பகை என்று பள்ளியில் சொல்லிக் கொடுப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் வைத்திருக்கிற பிடி பலமானது, எண்ணெய்க்கு இடம் கொடுக்க அந்தப் பிடியின் ஒழுங்கை மாற்ற வேண்டியிருக்கிறது, அது கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

செம்பனைப் பழம் பொறுக்கியவர்களின் சட்டையில் ஆரஞ்சுக் கறை வெறும் தண்ணீருக்குப் போகாததும், பால்மரம் வெட்டிய காலத்தில் கையில் காய்ந்துபோன ரப்பர் பிசினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் ஒரே காரணத்தால்தான், எண்ணெய் வகை எண்ணெய் வகையோடுதான் சேரும். மிளகாயின் காரமும் அந்தக் கட்சி. காரத்தைத் தருகிற கேப்சைசின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, கொழுப்பில் நன்றாகக் கரையும். நாக்கு எரியும்போது ஐஸ் தண்ணீர் குடித்தால் அந்த நிமிடம் இதமாக இருக்கும், எரிச்சல் மறுபடி வந்துவிடும். தயிரோ பாலோ குடித்தால் கொழுப்பும் பால்புரதமும் சேர்ந்து காரத்தை அள்ளிக்கொண்டு போகும்.

கடையில் யூரியா வாங்குபவர்கள் பலரும் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். ஒரு தோங்கில், அதாவது பீப்பாயில், தண்ணீர் விட்டு யூரியாவை நிறையக் கொட்டிக் கலக்கினால் தோங் சில்லென்று ஆகிவிடும், வெளிப்பக்கம் வியர்க்கும். "உள்ள ஐஸ் போட்டீங்களா ஐயா" என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். யூரியா படிகத்தைப் பிய்த்தெடுக்க ஆற்றல் செலவாகிறது. பிய்த்த மூலக்கூறைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்போது ஆற்றல் வெளிவருகிறது. யூரியாவில் வெளிவருவது குறைவு, செலவு அதிகம், குறைந்ததைத் தண்ணீரின் சூட்டில் இருந்தே எடுத்துக்கொள்கிறது. சோப்பு செய்யப் பயன்படும் காஸ்டிக் சோடாவில் நேர்மாறு. தண்ணீர் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், அதனால் சோடாவைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். இதில் விளையாட்டு வேண்டாம்.

மருமகன் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டான். செலவு அதிகம் என்றால் யூரியா எதற்குக் கரைய வேண்டும், சும்மா கிடக்கலாமே? அதுவும் கொஞ்ச நஞ்சமா, 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 100 கிராமுக்கு மேல் கரைகிறது. ஒழுங்காக அடுக்கிய படிகமாக இருப்பதற்கு ஒரே ஒரு விதம்தான் உண்டு, தண்ணீருக்குள் சிதறிக் கிடப்பதற்கோ எண்ணிலடங்காத விதங்கள். தன்போக்கில் விட்டால் பொருள்கள் அந்த எண்ணற்ற விதங்களின் பக்கம்தான் சாய்கின்றன. இதைத்தான் என்ட்ரோபி என்ற பெயரில் பெரிய வகுப்பில் படிப்பார்கள். ஆற்றல் கணக்கில் கொஞ்சம் நட்டம் வந்தாலும் இந்தச் சிதறல் அதை ஈடுகட்டிவிடும். எண்ணெயில் அதுவும் கைகொடுப்பதில்லை, எண்ணெயைச் சுற்றித் தண்ணீர் ஒழுங்காக அடுக்கி நிற்க வேண்டியிருப்பதால் அங்கே சிதறல் கணக்கும் நட்டத்தில்தான் முடிகிறது.

சூடாக்கினால் கரைதிறன் கூடும் என்பது பொது வழக்கு, சட்டம் இல்லை. உப்பையே பாருங்கள், 0 டிகிரியில் 35.7 கிராம், 100 டிகிரியில் 39 கிராம். அடுப்பு எரித்ததுதான் மிச்சம். பொட்டாசியம் குளோரைடு அப்படி இல்லை, 0 டிகிரியில் 28 கிராம், 100 டிகிரியில் 56 கிராம், சரியாக இரண்டு மடங்கு. இது ஏதோ அட்டவணைச் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம், செம்பனைக்கு அதிகமாகப் போடுகிற பொட்டாஷ் உரமே இதுதான். சுரங்கத்தில் இது சாதா உப்போடு கலந்தே கிடைக்கும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பிரிக்கிற வழிகளில் ஒன்று, கலவையைச் சூடான உப்புக் கரைசலில் போடுவது. சூட்டில் பொட்டாஷ் நிறையக் கரையும், ஏற்கெனவே உப்பால் தெவிட்டிய கரைசல் என்பதால் உப்பு அப்படியே கிடக்கும். வடித்து ஆறவைத்தால் பொட்டாஷ் மட்டும் வெள்ளைப் படிகமாக விழும். கடையில் வெள்ளைப் பொட்டாஷ், சிவப்புப் பொட்டாஷ் இரண்டும் வரும். சிவப்பில் இருப்பது இரும்பு ஆக்சைடு, மிகக் கொஞ்சம்தான், பயிருக்கு அதனால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. வாளியில் கரைத்தால் அடியில் செம்மண் நிறத்தில் தங்குவது அதுதான். அதைப் பார்த்துவிட்டுக் கலப்படம் என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

சூடாக்கினால் கரைதிறன் குறைகிற பொருளும் உண்டு, அது வெற்றிலைத் தட்டிலேயே இருக்கிறது. சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டால் மேலே நிற்கும் தெளிந்த நீரில் 100 மில்லிக்கு 0.17 கிராம் அளவுக்குத்தான் சுண்ணாம்பு இருக்கும். அந்தத் தெளிந்த நீரைக் கொதிக்க வைத்தால் கலங்கும், ஏனென்றால் கொதிநிலையில் அதில் பாதிகூடக் கரையாது. கரையும்போது சூட்டை வெளியே தள்ளுகிற பொருளுக்கு நீங்கள் இன்னும் சூடு கொடுத்தால் அது திரும்பிப் படிகமாகப் போகத்தான் பார்க்கும்.

பள்ளியில் உப்புகளின் கரைதிறனை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். நைட்ரேட் எல்லாம் கரையும், சல்பேட்டில் பேரியம், ஈயம், கால்சியம் தவிர மற்றவை கரையும், குளோரைடில் வெள்ளி, ஈயம், பாதரசம் தவிர மற்றவை கரையும். மருமகன் பாட்டாகவே பாடுவான். தேர்வுக்கு இது வேண்டியதுதான், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதே பாடப்பகுதியில் ஈயக் குளோரைடு சுடுதண்ணீரில் கரைந்து ஆறும்போது திரும்ப வெள்ளையாக விழும் என்றும் இருக்கிறதே, அப்போது அது கரையும் கட்சியா கரையாத கட்சியா? குளிர்ந்த தண்ணீரில் 100 மில்லிக்கு 1 கிராம், கொதிநீரில் 3 கிராமுக்கு மேல். கரையாது என்று புத்தகம் சொல்வதற்குக் கொஞ்சமாகக் கரையும் என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதில் உயிரே இருக்கலாம். பேரியம் உடம்புக்கு நஞ்சு. ஆனால் குடலை எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரியில் குடிக்கக் கொடுப்பது பேரியம் சல்பேட்தான். லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான் கரையும் என்பதால் வந்த வழியே வெளியே போய்விடுகிறது. அதே பேரியத்தைக் குளோரைடாகக் கொடுத்தால் ஆளே போய்விடுவார்.

இனி, கரைந்ததாகத் தோன்றி ஏமாற்றுபவை. பால்மரத்துப் பால் இதில் முதலிடம். கோப்பையில் இறங்கும் பாலில் 30 முதல் 40 சதவீதம் ரப்பர், ஆனால் ஒரு துளிகூடத் தண்ணீரில் கரைந்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ரப்பர் உருண்டைகள், ஒவ்வொன்றின் மேலும் புரதமும் கொழுப்பும் கலந்த தோல், அந்தத் தோலில் எதிர்மின் தன்மை. எல்லாம் ஒரே மின் தன்மை என்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. வெள்ளையாக இருப்பதே கரையவில்லை என்பதற்குச் சாட்சி, உருண்டைகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருகிற வெள்ளை அது. உண்மையான கரைசல், நிறம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தெளிவாக இருக்கும். பால் உறைய ஃபார்மிக் அமிலம் விட்டால் அந்த எதிர்மின் தன்மை போய்விடும், உருண்டைகள் ஒட்டிக் கட்டியாகிவிடும். உறையாமல் இருக்க வேண்டுமென்றால் அமோனியா விடுவார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு இந்த இரண்டு வாசனையும் மறக்கவே மறக்காது.

ரப்பரைக் கரைக்கவே முடியாதா என்றால் முடியும், ஆளைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கிண்டாஷ், நிலக்கரித் தாரில் இருந்து கிடைத்த நாப்தா என்ற எண்ணெயில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, மழை நனைக்காத துணிக்கு 1823-இல் காப்புரிமை வாங்கினார். ரப்பர் மரம் மலாயாவுக்கு வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இது நடந்துவிட்டது. சைக்கிள் டியூப் ஒட்டுகிற சொலூஷன் பசை இன்றும் அந்த வழிதான். ஆனால் அதே டியூபை வெட்டி நாப்தாவில் போட்டால் ஊதிப் பெருக்குமே தவிரக் கரையாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பரில் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டன, எண்ணெய் உள்ளே புகுந்தாலும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க வழி இல்லை.

கடையில் விற்கும் பூச்சிமருந்துகளில் சிலவற்றைத் தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெள்ளையாகும். இதையும் கரைந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். சைபர்மெத்ரின் போன்ற மருந்து தண்ணீரில் கரைவது இல்லை என்றே சொல்லிவிடலாம். அதை ஓர் எண்ணெயில் கரைத்து, சோப்பு போன்ற ஒரு பொருளையும் கூடச் சேர்த்து அனுப்புகிறார்கள், தண்ணீரில் விட்டதும் நுண்ணிய எண்ணெய்த் துளிகளாகச் சிதறுகிறது. கலக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், தூங்கி எழுந்து வந்து அடித்தால் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு மருந்துதான் விழும். பொடி மருந்தில் இன்னும் மோசம், அடியில் தங்கியே விடும். பம்பை முதுகில் மாட்டுவதற்கு முன்னால் குலுக்குங்கள், நடுவிலும் குலுக்குங்கள்.

களைக்கொல்லியில் கிளைஃபோசேட் வேறு கதை. அந்த அமிலம் தனியாக லிட்டர் தண்ணீருக்கு 10, 12 கிராம்தான் கரையும். போத்தலில் 41 சதவீதம் என்று எப்படி அச்சிட முடிகிறது? அமிலத்தை ஐசோபுரொப்பைல் அமீனோடு சேர்த்து உப்பாக மாற்றிவிடுகிறார்கள், உப்பானதும் அயனியாகி, தண்ணீர் இழுத்துக்கொள்கிறது. மாத்திரைப் பெயருக்குப் பின்னால் சோடியம் என்றோ ஹைட்ரோகுளோரைடு என்றோ வால் இருப்பதும் பெரும்பாலும் இந்த வேலைக்காகத்தான். ஆனால் இதையும் கால்வாயில் ஓடுகிற கலங்கல் தண்ணீரில் கலந்தால் பலன் குறையும், களிமண் துகள் அதைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புக் கல் அடிவாரக் கிணற்றுத் தண்ணீரிலும் அப்படித்தான், அதில் இருக்கும் கால்சியம் போய் ஒட்டிக்கொள்ளும். கரைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இல்லை, கரைந்த பிறகும் அது யாரோடு சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுண்ணாம்புக் கல் என்றதும் வாயுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாயுவும் தண்ணீரில் கரையும், ஆனால் திடப்பொருளுக்கு எதிர்த்திசையில். சூடு கூடினால் கரைவது குறையும், அழுத்தம் கூடினால் கரைவது கூடும். அழுத்தத்துக்கும் கரைகிற அளவுக்கும் நேர்விகிதம் என்று இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி 1803-இல் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது. லோரியின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்த 100 பிளஸ் சோடா டின்னைத் திறந்தால் சட்டை நனைவதற்கு இரண்டுமே காரணம். சாதாரணக் காற்றழுத்தத்தில் 0 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 3.3 கிராம் கரியமில வாயுவைப் பிடிக்கும், 30 டிகிரியில் 1.3 கிராம்கூடப் பிடிக்காது. ஆக்சிஜனுக்கும் இதே விதி, 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5. நம்முடைய பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளில் மீன் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பாதிதான் தலைவலி. குளிர்நாட்டு மீனுக்குக் கிடைப்பதில் பாதி மூச்சுதான் நம் மீனுக்கு, அதில் பாசியும் இரவில் பங்கு கேட்கும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்.

இந்தக் கரியமில வாயுதான் மலையையும் குடைகிறது. ஈப்போ கல்லுமலைக் கோயில், குவா தெம்புருங், அந்தப் பக்கம் பத்துமலை, எல்லாம் சுண்ணாம்புக் கல். வெறும் தண்ணீரில் சுண்ணாம்புக் கல் லிட்டருக்கு ஏறக்குறைய 14 மில்லிகிராம்தான் கரையும், மனப்பாடப் பட்டியலில் கரையாத கட்சி. ஆனால் மழைநீர் மண் வழியாக இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிரும் விட்ட கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது, அப்போது லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கல்லைக் கரைத்துக்கொண்டு போகிறது. குகைக்குள் வந்து காற்றுப் பட்டதும் வாயு வெளியேறுகிறது, கரைந்த கல் திரும்ப இறங்கித் தொங்குகிறது. வீட்டுக் கெட்டிலில் படிகிற வெள்ளையும் இந்த வேலைதான், சூடு வாயுவை விரட்டிவிடுவதால் கல் தங்கிவிடுகிறது. எலுமிச்சம்பழச் சாறு விட்டு ஊறவைத்தால் போய்விடும், கல்லை மறுபடியும் அமிலம் கரைக்கிறது.

அந்தச் சுண்ணாம்புக் கல்லே பொடியாகி எங்கள் கடைக்கும் வருகிறது, மக்னீசியம் கலந்தது, புளிப்பேறிய மண்ணைச் சரிசெய்ய. அதற்குப் பக்கத்திலேயே பாறைப் பாஸ்பேட் மூட்டை அடுக்கியிருக்கும், ஜாவாவுக்குத் தெற்கே உள்ள கிறிஸ்மஸ் தீவில் இருந்து வருவது. இதைப் பற்றித்தான் அதிகச் சண்டை. வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டு, "மண்ணைக் கொண்டுவந்து விக்கிறீங்க" என்று ஒருவர் கடைக்கே வாளியைத் தூக்கி வந்தார். தண்ணீரில் அது கரையாதுதான், கரையவும் வேண்டாம். நம் தோட்டத்து மண் பெரும்பாலும் புளிப்பு மண், 4 முதல் 5 வரை அமில எண் (pH), அந்தப் புளிப்பு மெல்ல மெல்ல பாறையைத் தின்று பாஸ்பரசை விடுவிக்கும். அதனால்தான் இதன் தரத்தைத் தண்ணீரில் சோதிப்பதில்லை, 2 சதவீத சிட்ரிக் அமிலத்தில் எவ்வளவு கரைகிறது என்றுதான் அளக்கிறார்கள். சட்டென்று கரைகிற சூப்பர் பாஸ்பேட்டை அதே மண்ணில் போட்டால் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து மறுபடி கரையாத பொருளாக்கிவிடுகின்றன. இருபத்தைந்து வருடம் நிற்கப் போகிற செம்பனைக்கு மெதுவாகக் கரைவதே லாபம். நாற்பது நாளில் அறுக்கப் போகிற கீரைக்கு அது உதவாது, அவர்கள் சூப்பர் பாஸ்பேட்டே வாங்கட்டும். மக்னீசியத்திலும் அதே கணக்குதான், நட்டு நிற்கிற மரத்துக்குக் கீசரைட், உடனே இலையில் தெளிக்க எப்சம் உப்பு, இரண்டும் மக்னீசியம் சல்பேட்தான், கூட இருக்கிற தண்ணீர் அளவு வேறு, கரைகிற வேகம் வேறு. யூரியா இதற்கெல்லாம் மறு கோடி. இவ்வளவு சுலபமாகக் கரைவதால் பெரிய மழைக்கு முன்னால் போட்டால் மரத்துக்குப் போகாமல் ஓடைக்குப் போகும், மண்ணின் மேலாகத் தூவி அப்படியே விட்டுவிட்டால் அமோனியாவாகிக் காற்றில் போகும். லேசான மழை பார்த்துப் போட வேண்டும்.

ஆகக் கடைசியாக ஒன்று, இதைக் கடையில் வாரம் ஒருவரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக் கல் பொடியும் பாறைப் பாஸ்பேட்டும் ஒரே லோரியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரே நாளில் ஒரே இடத்தில் போடாதீர்கள். முன்னது மண்ணின் புளிப்பைக் குறைக்கிறது, பின்னது அந்தப் புளிப்பு இருந்தால்தான் கரையும். பாஸ்பேட்டை முதலில் போட்டு மண்ணோடு சேர விடுங்கள், சில மாதம் கழித்துச் சுண்ணாம்பு போடலாம், அல்லது ஒன்றை மரத்தடி வட்டத்துக்குள்ளும் மற்றதை மர வரிசைகளுக்கு நடுவிலும் பிரித்துப் போடலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூட்டையும் விற்றுவிட்டால் கடைக்குத்தான் லாபம், முதலாளியும் அதைத்தான் சொல்வார், நான் கேட்பதில்லை.